பாக்கின் கையெழுத்து எங்கே? செல்லோ வித்துவான்களைத் திணற வைக்கும் ஆறு உருப்படிகள்

மேனாட்டுச் சங்கீதத்தில் செல்லோ என்று ஒரு வாத்தியம் உண்டு. பிடில் குடும்பத்தைச் சேர்ந்தது. பிடிலுக்கு அண்ணன் என்று சொல்லலாம். பிடிலைத் தோளில் சார்த்தி வாசிக்கிறார்கள். செல்லோவை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்தி வாசிக்கிறார்கள். தந்திகள் நாலு. குரலோ ஆண் குரல். நல்ல வித்துவான் கையில், கனத்த சாரீரம் படைத்த ஒருவர் மனம் விட்டுப் பேசுவது போல இருக்கும்.

இந்த வாத்தியத்தைக் கற்றுக் கொள்பவர் ஜப்பானில் இருந்தாலும் சரி, பிரேசிலில் இருந்தாலும் சரி, ஒரு நாள் ஆறு உருப்படிகளின் முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். அவற்றை எழுதியவர் ஜெர்மன் சங்கீத மேதை ஜோஹன் செபாஸ்டியன் பாக். ‘ஸ்யூட்’ என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு முகப்புப் பகுதி. அதற்குப் பிறகு அந்தக் காலத்து நடன மெட்டுகள் ஐந்து. பக்கவாத்தியம் கிடையாது. ஒரு ஆள், ஒரு வாத்தியம், ஒரு வில். ஆறையும் சேர்த்து வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்த ஆறு உருப்படிகளுக்கும் இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று போல இன்னொன்று இல்லை. காரணம் எளியது. பாக் தம் கையால் எழுதிய மூலப் பிரதி கிடைக்கவில்லை!

கணவர் இயற்றினார், மனைவி படி எடுத்தார்

1717 முதல் 1723 வரை பாக், கோதன் என்ற சிறிய ஊரில் லியோபோல்டு என்ற சிற்றரசரின் சமஸ்தான வித்துவானாக இருந்தார். அந்த அரசர் சேர்ந்திருந்த கிறிஸ்தவப் பிரிவில், வழிபாட்டுக்கு விஸ்தாரமான சங்கீதம் தேவையில்லை. அரசருக்கோ சங்கீதத்தில் வெகு பிரியம். ஆகவே பாக் அங்கே வாத்தியங்களுக்கென்றே ஏராளமாக எழுதினார். பிடில் ஒன்றுக்கு மட்டும் ஆறு உருப்படிகள்; செல்லோ ஒன்றுக்கு மட்டும் ஆறு.

பிடில் உருப்படிகளைப் பாக் தம் கையால் அழகாக எழுதி வைத்த பிரதி இன்றும் பெர்லின் நூலகத்தில் இருக்கிறது. 1720 என்று வருஷம் போட்டிருக்கிறார். ‘முதல் புத்தகம்’ என்றும் குறித்திருக்கிறார். அப்படியானால் இரண்டாம் புத்தகம்? அதுதான் செல்லோ புத்தகமாக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். அந்தப் புத்தகம் போன இடம் தெரியவில்லை.

நமக்குக் கிடைத்திருப்பது அவருடைய மனைவி அன்னா மக்தலேனா எடுத்து வைத்த படி.

அன்னா வீட்டோடு மட்டும் இருந்தவர் அல்ல. கோதன் சமஸ்தானத்தில் சம்பளம் வாங்கிய பாடகி. 1720-ல் பாக்கின் முதல் மனைவி இறந்து போனார். நாலு குழந்தைகள். மறு வருஷம் டிசம்பரில் பாக் அன்னாவை மணந்தார். அப்போது அன்னாவுக்கு வயது 20. பிறகு அவருக்குப் பதின்மூன்று பிள்ளைகள் பிறந்தன; ஏழு பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பறி கொடுத்தார். இத்தனைக்கும் நடுவில் கணவரின் சங்கீதத்தைக் கட்டுக் கட்டாகப் படி எடுத்தார். நாளடைவில் அவருடைய எழுத்து கணவரின் எழுத்தைப் போலவே ஆகிவிட்டது. இந்தச் செல்லோ படியையே வெகு காலம் பாக்கின் கையெழுத்து என்று நம்பியவர்கள் உண்டு.

குடும்பம் லைப்சிக் நகருக்குக் குடி போன பிறகு, 1727-க்கும் 1731-க்கும் இடையில், பாக்கிடம் பாடம் கேட்ட ஷ்வான்பெர்க் என்ற வித்துவானுக்காக அன்னா இந்தப் படியை எடுத்துக் கொடுத்தார். பிடில் உருப்படிகள் ஒரு பாகம். செல்லோ உருப்படிகள் இன்னொரு பாகம். முகப்புப் பக்கத்தை எழுதியவர் ஷ்வான்பெர்க். இயற்றியவர் பாக் என்று அவருடைய பட்டம் பதவிகளோடு எழுதிவிட்டு, படி எடுத்தவர் அவருடைய மனைவியார் என்று முடித்துவிட்டார். அன்னாவின் சொந்தப் பெயரை அதில் காணோம்.

(இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த உருப்படிகளை இயற்றியவரே அன்னாதான் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு பேராசிரியர் கிளம்பினார். பத்திரிகைகளில் அமளிப்பட்டது. பாக் ஆராய்ச்சி அறிஞர்கள் அதை ஒப்புக் கொள்ளவில்லை.)

1750-ல் பாக் காலமானார். அவர் எழுதி வைத்த காகிதங்களை மகன்களும் மனைவியும் பங்கு பிரித்துக் கொண்டார்கள். அன்னா பத்து வருஷம் கழித்து, 1760-ல், நகரத்து தர்மப் பணத்தில் காலம் தள்ளும் விதவையாக லைப்சிக்கில் இறந்தார்.

மூன்றா, நாலா?

அன்னாவின் படியைத் தவிர இன்னும் மூன்று கையெழுத்துப் படிகள் உண்டு. அவற்றில் ஒன்று, பாக்கை அறிந்தவரான கெல்னர் என்பவர் 1726-ல் எடுத்தது. இவர் ஆர்கன் வாசிப்பவர். ஐந்தாம் ஸ்யூட்டில் ஒரு பகுதியை எழுதாமலே விட்டுவிட்டார். மற்ற இரண்டும் பிற்காலத்தவை. எழுதியவர் பெயர் தெரியாது.

ஸ்வரங்களைப் பொறுத்த வரையில் நாலு படிகளும் பெரும்பாலும் ஒத்துப் போகின்றன. அங்கங்கே ஒரு ஸ்வரம் கூடக் குறைய இருக்கும். சண்டை அதில் இல்லை. வில்லில் இருக்கிறது!

மேனாட்டார் ஸ்வரங்களை எழுதும்போது, சில ஸ்வரங்களின் தலைக்கு மேல் வில் போல ஒரு கோடு வளைத்துப் போடுவார்கள். அந்தக் கோட்டுக்குள் அடங்கியதையெல்லாம் ஒரே வில் இழுப்பில் வாசிக்க வேண்டும். கோடு முடிந்ததும் வில் திரும்ப வேண்டும். வில் திரும்பும் இடத்தில் ஒரு சிறு அழுத்தம் விழும். ‘தகதிமி’ என்ற நாலு சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். ‘தகதி’ ஒரு வில், ‘மி’ தனி வில் என்று வாசித்தால் ஒரு நடை. ‘தக’ ஒரு வில், ‘திமி’ ஒரு வில் என்றால் வேறு நடை. நாலும் ஒரே வில்லில் வழிந்தால் இன்னொரு நடை. ஸ்வரம் மாறவில்லை, தாளம் மாறவில்லை. ஆனால் உருப்படியின் முகமே மாறிவிடுகிறது.

முதல் ஸ்யூட்டின் முகப்பு மிகப் பிரசித்தமானது. சினிமாவிலும் விளம்பரத்திலும் வாசகர்கள் எங்காவது கேட்டிருப்பார்கள். அலை அலையாக ஓடும் ஸ்வரங்கள். அதில் அன்னா போட்டிருக்கும் வளைகோடு, பல இடங்களில் மூன்று ஸ்வரங்களின் மேலா, நாலின் மேலா என்று சொல்ல முடியாதபடி இருக்கிறது. கோடு சற்றுத் தள்ளி ஆரம்பிக்கும். சற்று முன்னால் முடிந்துவிடும். ஒரே சொற்கட்டு திரும்பி வரும்போது கோடு வேறு மாதிரி இருக்கும். கெல்னரைக் கேட்டால் வேறு சொல்லுகிறார். பெயர் தெரியாத இருவரும் மூன்றாவது வழியில் போகிறார்கள்.

அன்னாவை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பிடில் உருப்படிகளையும் அவர்தான் படி எடுத்தார். அவற்றுக்குப் பாக்கின் மூலம் கைவசம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் அல்லவா? அறிஞர்கள் அப்படியே செய்தார்கள். முடிவு என்ன தெரியுமா? ஸ்வரங்களை அன்னா மிகக் கவனமாக எழுதியிருக்கிறார். வளைகோடுகளில்தான் கை அவசரப்பட்டிருக்கிறது. கணவர் துல்லியமாகப் போட்ட கோடு, மனைவி கையில் நகர்ந்தோ சுருங்கியோ போயிருக்கிறது.

ஐந்தாம் ஸ்யூட்டுக்கு மட்டும் இன்னொரு சாட்சி உண்டு. அதே உருப்படியைப் பாக் லூட் என்ற நரம்பு வாத்தியத்துக்காக மாற்றி, தம் கையாலேயே எழுதியிருக்கிறார். அந்தப் பிரதி பிரஸ்ஸல்ஸ் நகரத்து அரசாங்க நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் லூட் விரலால் மீட்டுவது. அதற்கு வில் கிடையாது. வில்லைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் அங்கேயும் பாதி ஏமாற்றத்தோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது.

அச்சுக்கு வந்த கதை

பாக் காலமாகி 74 வருஷம் கழித்து, 1824-ல், பாரிஸ் நகரில் இந்த ஆறும் முதல் முறையாக அச்சேறின. அதற்கு வைத்த பெயரில் ‘பயிற்சிப் பாடங்கள்’ என்ற பொருளும் இருந்தது. அதாவது, விரல் பழகுவதற்கான சாதகம்! இரண்டு வருஷம் கழித்து ஜெர்மனியில் டோட்ஸவர் என்ற செல்லோ வித்துவான் தம் பதிப்பை வெளியிட்டார். அது முதல் பெரிய வித்துவான்கள் ஒவ்வொருவரும் தம் தம் வழியில் வில்லும் விரலும் குறித்துப் பதிப்புப் போட ஆரம்பித்தார்கள். நம் ஊரில் பாடாந்தரம் என்கிறோமே, அது அங்கே அச்சில் ஏறிற்று.

இதில் எல்லை தாண்டியவர் கிருட்ஸ்மாகர் என்ற ஜெர்மன் வித்துவான். 1866 வாக்கில் இவர் கொண்டு வந்த ‘கச்சேரிப் பதிப்பில்’ பாக்கின் ஸ்வரங்களோடு தம் சொந்தச் சரக்கையும் தாராளமாகச் சேர்த்தார். ஒற்றை ஸ்வரம் நின்ற இடத்தில் மூன்று ஸ்வரக் கொத்து. அமைதியான இடத்தில் அலங்காரம். மெதுவாக வாசி, உரக்க வாசி, உருகி வாசி என்று ஏகப்பட்ட உத்தரவுகள். பாக்கின் உருப்படிகளிலோ, மிகச் சில இடங்களைத் தவிர, இப்படிப்பட்ட உத்தரவே கிடையாது.

கிருட்ஸ்மாகரைத் திட்டுவது இன்றைக்கு வழக்கமாகிவிட்டது. இதே மனிதர் 1895-ல் பொக்கரினி என்ற இத்தாலிய மேதையின் செல்லோ கான்செர்ட்டோ ஒன்றையும் வெளியிட்டார். நடுவிலுள்ள விளம்ப காலப் பகுதியை அதே மேதையின் வேறொரு கான்செர்ட்டோவிலிருந்து எடுத்து ஒட்டி வைத்தார். உலகம் பல பத்து வருஷங்கள் அதையே அசல் என்று வாசித்துக் கொண்டிருந்தது. குற்றம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிப் பாடம் என்று மூலையில் கிடந்த பாக்கின் உருப்படிகளைச் சபையில் வைத்து வாசிக்கத் தகுந்தவை என்று அவர் நினைத்தார். அந்த நினைப்புக்குக் கிடைத்த பலன், சற்றும் எதிர்பாராத இடத்தில் விளைந்தது.

துறைமுகத்து அருகே ஒரு பழைய கடை

1890. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரம். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தகப்பனாரோடு கடைத்தெருவில் போய்க் கொண்டிருந்தான். ஓட்டல் ஒன்றில் செல்லோ வாசித்துப் பிழைத்து வந்தவன். அன்றைக்குத்தான் தகப்பனார் அவனுக்கு முழு அளவுச் செல்லோ ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். வாசிக்கப் புது உருப்படி வேண்டும் என்று இருவரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய சங்கீதப் புத்தகக் கடை ஒன்றில் நுழைந்தார்கள். தூசி படிந்த கட்டு ஒன்று பையன் கையில் சிக்கிற்று. பாக் இயற்றிய ஆறு ஸ்யூட்டுகள். அதுவும் கிருட்ஸ்மாகர் பதிப்பு!

அந்தப் பையன்தான் பாப்லோ காசல்ஸ்.

இப்படிப்பட்ட உருப்படிகள் இருப்பதாகவே தமக்கு அதுவரை தெரியாது என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம், சபையில் வாசிக்கத் துணியாமல், வீட்டிலேயே சாதகம் செய்தார். பிறகு ஒரு ஸ்யூட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் கச்சேரியில் வாசித்தார். அந்தக் காலத்தில் ஏதாவது ஒரு நடனத்தைப் பிய்த்து எடுத்துத் துக்கடா போல வாசிப்பார்களே தவிர, முழுவதையும் வாசிக்கிற வழக்கமில்லை.

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அந்த வருஷம் நவம்பரில், லண்டனில், காசல்ஸ் முதன் முதலாக இரண்டு ஸ்யூட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். மற்ற நாலையும் 1938, 1939-ல் பாரிஸில் பதிவு செய்தார். அதற்குள் அவர் சொந்த ஊருக்குப் போக முடியாதவராகிவிட்டார். பிராங்கோவின் ஆட்சியில் ஸ்பெயினில் வாசிப்பதில்லை என்று விரதம் பூண்டு, பிரெஞ்சு எல்லையிலுள்ள பிராத் என்ற சிற்றூரில் குடியேறினார். உலக யுத்தம் முடிந்த பிறகும் பிராங்கோவை வல்லரசுகள் சும்மா விட்டதால், எங்குமே கச்சேரி செய்வதில்லை என்று மௌனமானார். 1950-ல் பாக் காலமாகி 200 வருஷம் நிறைந்தது. அவர் வர மறுத்ததால் உலகத்து வித்துவான்கள் பிராத்துக்கே வந்தார்கள். அங்கே காசல்ஸ் மறுபடியும் வில்லை எடுத்தார். 1973-ல், 96-வது வயதில், போர்ட்டோ ரிக்கோவில் காலமாகும் வரை தாய்நாட்டில் அவர் கச்சேரி செய்யவே இல்லை.

அந்தப் பழைய இசைத்தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. இரைச்சலுக்கு நடுவில் ஒரு மனிதர் பேசுவது கேட்கும். கிருட்ஸ்மாகரின் ஒட்டு வேலைகளை அவர் தள்ளிவிட்டார். ஆனால் அன்னாவின் கோடுகளையும் அவர் வரி பிசகாமல் பின்பற்றவில்லை. தம் காதுக்கு எது பேச்சாகத் தோன்றியதோ, அதையே வாசித்தார். தம் பெயரால் பதிப்பு ஒன்றும் அவர் போடவில்லை.

அன்னாவின் கட்சி

காசல்ஸுக்குப் பிறகு ஒரு தலைமுறை அவர் வழியிலே போயிற்று. அப்புறம் காற்று திசை மாறிற்று. பாக் காலத்து வாத்தியத்தில், பாக் காலத்து முறையில் வாசித்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள்.

அன்றையச் செல்லோவுக்குத் தரையில் ஊன்றும் கம்பி கிடையாது. கால்களாலேயே பிடித்துக் கொள்ள வேண்டும். தந்தி ஆட்டுக் குடலில் திரித்தது. வில்லின் குச்சி வெளிப்பக்கம் வளைந்தது; அடியில் கனம், நுனியில் லேசு. ஆகவே நீளமாக ஒரே சீராக இழுப்பது கடினம்; சின்னச் சின்ன இழுப்பாக, பேசுவது போல வாசிப்பது சுலபம். வளைகோட்டுச் சண்டை இதனால் இன்னும் சூடு பிடித்தது. அந்த வில்லில் மூன்றும் ஒன்றும் என்று பிரிப்பது இயற்கையாக வருகிறது.

இந்தக் கட்சிக்குத் தலைவர் என்று ஹாலந்து தேசத்து வித்துவான் அன்னர் பில்ஸ்மாவைச் சொல்லலாம். 2019-ல் காலமானார். ஆறு ஸ்யூட்டுகளையும் இரண்டு தரம் பதிவு செய்தவர். 1998-ல் அவர் எழுதிய புத்தகத்தில் அன்னாவுக்காக வக்கீலாகவே வாதாடினார். கோடு ஒழுங்கில்லாமல் இருப்பது அவசரத்தால் அல்ல. ஒரே சொற்கட்டை ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி வாசிக்க வேண்டும் என்பதே பாக்கின் எண்ணம் என்பது அவர் வாதம்.

வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் பிடில் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு இதை முழுவதும் நம்புவது கஷ்டம். என் அபிப்பிராயத்தில் பில்ஸ்மா செய்த பெரிய உபகாரம் வேறு. கோடுகளைச் சீராக்கி அச்சடித்த பண்டிதர்களை விட்டுவிட்டு, மூலப் படியையே கண்ணால் பார்க்கும்படி மாணவர்களை அவர் தூண்டினார்.

பதிப்பாளர்களும் வழிக்கு வந்தார்கள். 1988-ல் வெளியான புதிய பாக் பதிப்பில், ஒரே பாடம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாமல், இரண்டு பாடங்களைத் தனித்தனியே அச்சிட்டார்கள். 2000-ல் பேரன்ரைட்டர் என்ற ஜெர்மன் பதிப்பகம் நாலு கையெழுத்துப் படிகளையும், பாரிஸ் முதல் அச்சையும் அப்படியே நிழற்படமாக எடுத்துச் சேர்த்துக் கொடுத்துவிட்டது. வாங்குகிறவரே பார்த்துத் தீர்மானித்துக் கொள்ள வேண்டியதுதான்!

வில்லைத் தவிர வேறு வம்புகளும் உண்டு. ஐந்தாம் ஸ்யூட்டுக்கு மேல் தந்தியை ஒரு படி இறக்கிச் சுருதி சேர்க்க வேண்டும் என்று அன்னாவின் படி சொல்லுகிறது. பலர் இறக்காமலே வாசிக்கிறார்கள். ஆறாம் ஸ்யூட்டுக்கு ஐந்து தந்தி வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாலு தந்தி வாத்தியக்காரர் அதை வாசிக்கும்போது, மேல் ஸ்தாயியில் கட்டை விரலையும் தந்தி மேல் வைத்துக் கொண்டு படும் பாட்டை நேரில் பார்க்க வேண்டும். அது தோளில் சார்த்தி வாசித்த சிறு செல்லோவாக இருக்கலாம் என்று சொல்லி, அப்படி ஒன்றைச் செய்து வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ருஷ்ய மேதை ராஸ்ட்ரபோவிச் இந்த வம்புகளையெல்லாம் அறிந்தவர். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்ததும் அங்கே ஓடிச் சென்று, சுவரடியில் நாற்காலி போட்டுப் பாக்கை வாசித்தவர். அப்படிப்பட்டவர் ஆறு ஸ்யூட்டுகளையும் முழுவதுமாகப் பதிவு செய்யத் துணிந்தது 1991-ல்தான். பிரான்சில் வெஸ்லே என்ற ஊரிலுள்ள பழைய தேவாலயத்தில் உட்கார்ந்து வாசித்தார். அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது.

இந்த வழக்கை வாசகர்கள் தாங்களே விசாரிக்க விரும்பினால் ஒரு வழி சொல்லுகிறேன். இரண்டாம் ஸ்யூட்டின் முகப்பை மட்டும் இரண்டு மூன்று வித்துவான்கள் வாசித்துக் கேளுங்கள். நாலைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. சோகமான உருப்படி. ஓடி ஓடி வந்த ஸ்வரங்கள் கடைசியில் திடீரென்று நின்றுவிடுகின்றன. கையெழுத்துப் படியில் அதற்குப் பிறகு ஐந்தே ஐந்து ஸ்வரக் கொத்துகள், ஆவர்த்தனத்துக்கு ஒன்று. வேறு ஒரு குறிப்பும் இல்லை. சிலர் அதை எழுதியபடியே, ஐந்து நீண்ட பெருமூச்சாக வாசித்து நிறுத்துகிறார்கள். வேறு சிலர், பாக் இங்கே சுருக்கெழுத்தில் எழுதியிருக்கிறார் என்று எண்ணி, ஒவ்வொரு கொத்தையும் பிரித்து முன் போலவே ஓட விடுகிறார்கள். நீங்கள் வாங்கும் தட்டில் எந்த மாதிரி இருக்கிறது என்று அந்தக் கடைசி அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.